ஒரே நாடி, பத்தொன்பது ஆய்வேடுகள்

ஒரே இதயம் பத்தொன்பது ஆய்வேடுகளை எழுதியிருக்கிறது. விசாரணைக் கோப்பின் முதல் வரி அதுதான். எழுதியது கருவி என்பதால் அந்த வரியில் வியப்பும் இல்லை, ஐயமும் இல்லை.

கோப்பை மேசையின் நடுவே நகர்த்திவைத்தவன் கோமதிநாயகம், விசாரணைக் குழுவின் உறுப்பினர்-செயலர். பொருநைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. மூன்று நாள்களாக அவனுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. காரணம் கோப்பில் இல்லாத ஒன்று. அந்தப் பட்டியலில் இருபதாவதாக இருந்திருக்க வேண்டிய ஆய்வேடு அவனுடையது.

எதிரே தனி நாற்காலியில் எப்சிபா அமர்ந்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. பல்கலைக்கழக வாயிலுக்கு எதிரே உள்ள பெத்தேல் தட்டச்சகத்தில் இருபத்துமூன்று ஆண்டுகளாக விசைப்பலகையின் முன் உட்கார்ந்திருப்பவர். கைப்பையை மடியில் வைத்து, அதன் மேல் பத்து விரல்களையும் பரப்பியிருந்தார். அறைக்குள் வந்ததிலிருந்து அவர் கோமதிநாயகத்தை மற்றவர்களைப் பார்ப்பதுபோலவே பார்த்தார். "வணக்கம் சார்" என்றார். அவ்வளவுதான்.

"காஜா, பதிவுக்காக ஒரு முறை விளக்கிவிடுங்கள்," என்றார் குழுவின் தலைவர் பேராசிரியர் சௌந்தரநாயகி.

கருவி நிறுவனத்தின் பொறியாளன் காஜா முகைதீன் தன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். "இந்த விசைகளுக்கு அடியில பச்சையா மினுங்குதுல்லா மேடம், அதுதான் துடிப்புணரி. விரல்ல ரத்தம் ஓடுறதை வெளிச்சத்தை வச்சுப் பாக்கும். முதல்ல கைக்கடிகாரத்துல வந்தது, அப்புறம் போன்ல, இப்ப எல்லா லேப்டாப்லயும் வந்துட்டு. ஆரம்பத்துல நெஞ்சுவலிக்காரங்களுக்கு உதவத்தான் வச்சாங்க."

"ஆய்வேட்டுக்கு எப்படிப் பயன்படுகிறது?"

"மனுசன் ஒரு வாக்கியத்தைச் சொந்தமா யோசிக்கும்போது, அது வாரதுக்கு முன்னால நாடி ரெண்டு மூணு துடிப்பு தாழும். வாக்கியம் பிடிபட்டதும் ஏறும். பாத்து அடிக்கிறவங்களுக்கு அப்படித் தாழாது. கோடு தரையில போட்ட கயிறு மாதிரி கிடக்கும். கருவி அதை எண்ணி நூத்துக்கு மார்க் போடும். அறுபதும் அதுக்கு மேலயும் இயற்றல். கீழ வந்தா நகல்."

"இதில் பிழை வர வாய்ப்பு?"

"கம்பெனி சொல்றபடி இல்ல மேடம். நான் சொல்றபடின்னு கேட்டீங்கன்னா, அப்புறம் கம்பெனியில என்னை வச்சிருக்க மாட்டாங்க."

சௌந்தரநாயகி சிரிக்கவில்லை. நாடிச் சான்று விதியை எழுதியவர் அவர்தான். எட்டு ஆண்டுகளுக்கு முன், வேதியியலில் ஒன்று, வரலாற்றில் ஒன்று, தமிழில் ஒன்று என மூன்று துறைகளின் ஆய்வேடுகளில் முடிவுரை சொல் மாறாமல் ஒன்றாக இருப்பதை ஒரு புறத்தேர்வாளர் கண்டுபிடித்தார். தேடத் தேட, அந்த ஆண்டு வந்தவற்றில் மனிதர் எழுதியவை எவை என்று எவராலும் சொல்ல முடியாத நிலை வந்தது. முனைவர் பட்டத்தையே நிறுத்திவிடலாம் என்று அரசு சொன்னபோது, "ஒரு வருடம் கொடுங்கள்" என்று கேட்டுப் போராடி இந்த விதியைக் கொண்டுவந்தவர் சௌந்தரநாயகி. ஆய்வாளர் தம் ஆய்வேட்டைத் தாமே தட்டச்சு செய்ய வேண்டும். ஒவ்வொரு பக்கத்துடனும் நாடிச் சான்று இணைய வேண்டும். பிறர் தட்டச்சு செய்யவில்லை என்று சத்தியப் பத்திரம் தர வேண்டும். அந்த விதியை அவர் மனப்பூர்வமாக நம்பினார். நம்ப வேண்டிய நியாயமும் அவருக்கு இருந்தது.

அவர் அறியாதது ஊரின் வழக்கம் ஒன்றுதான். தாத்தா காலத்துத் தட்டச்சுப் பொறியிலிருந்து இன்று வரை, இந்த ஊரில் ஆய்வாளர் கையால் எழுதுவார், தட்டச்சகத்தில் கொடுப்பார். விதி வந்த பிறகும் அது மாறவில்லை. ஆய்வாளரின் கணக்கில் நுழைந்து தட்டச்சாளர் அடித்தார். பலருக்குச் சான்று 'நகல்' என்று வந்து, ஆய்வேடு திரும்பியது. எப்சிபா அடித்தவை மட்டும் திரும்பவில்லை. ஏனென்று யாரும் கேட்கவில்லை. "எப்சி அக்காகிட்ட குடு, தேறிரும்" என்பது விடுதி அறைகளில் பரவிய செய்தி.

நீதிமன்ற அனுமதியோடு இந்த ஆண்டு, ஆளுக்கு ஆள் மாறும் நாடிக் கோலங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். மகளின் மாற்றுச் சான்றிதழுக்காக எப்சிபா தன் கைபேசியில் ஒரு விண்ணப்பம் அடித்திருந்தார். அதன் நாடி பத்தொன்பது ஆய்வேடுகளின் நாடியோடு பொருந்தியது. கோமதிநாயகத்தின் காலத்தில் மதிப்பெண்ணை மட்டும் சேமித்தார்கள், கோலத்தைச் சேமிக்கவில்லை. அதனால் அவன் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தான்.

"இந்தப் பத்தொன்பது பேரையும் தெரியுமா?" என்று கேட்டார் சௌந்தரநாயகி.

"தெரியும் மேடம்."

"ஆய்வேடுகளை எழுதிக் கொடுத்தது நீங்களா?"

"அடிச்சுக் குடுத்தேன். எழுதிக் குடுக்கல."

"தாங்களே அடித்ததாக அவர்கள் சத்தியப் பத்திரம் கொடுத்திருக்கிறார்கள்."

"அது அவங்க பத்திரம் மேடம்."

"பார்த்து அடித்தால் நாடி தாழாது என்று இவர் சொன்னதைக் கேட்டீர்கள்தானே?"

"மத்தவங்களுக்கு எப்படியோ தெரியல. நான் படிச்சுக்கிட்டே அடிப்பேன். அடுத்த வரியில என்ன சொல்லப் போறாங்கன்னு எனக்குத் தெரியணும். அந்த நினைப்பு இல்லேன்னா கை ஓடாது."

"பத்தொன்பதிலுமா? மண்புழு உரம் பற்றிய ஆய்வேட்டில் கூடவா?"

"அடிக்க வந்ததுல அது நல்ல மேட்டர் மேடம்," என்று எப்சிபாவின் முகம் முதன்முறையாக மலர்ந்தது. "மூணாவது இயல்ல புழு அத்தனையும் செத்துப்போகும். அந்தப் பொண்ணு திரும்ப முதல்லருந்து ஆரம்பிச்சா. அஞ்சாவது இயல் வர எனக்குப் பதைபதைப்புதான்."

காஜா வாயைப் பொத்திக்கொண்டான்.

"சொந்தமாக எதுவும் எழுதியதுண்டா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்று கோமதிநாயகம் மனத்துக்குள் மன்றாடினான்.

"கண்ணீர் அஞ்சலி எழுதுவேன் மேடம்," என்றார் எப்சிபா. "வாரவங்க பேரு, தேதி, போட்டோதான் கொண்டுவருவாங்க. எழுத அவங்களுக்கு ஓடாதுல்லா. நாம நாலு வரி போட்டுக் குடுப்போம். 'சாவியை எங்களிடம் தந்துவிட்டு வாசலைக் கொண்டுபோனவரே'ன்னு ஒண்ணு, ரொம்பப் பேருக்குப் பிடிச்சுது."

"ஆக, உங்களுக்கு இயற்றத் தெரியும்," என்றார் சௌந்தரநாயகி. அதைக் குறித்துக்கொண்டார்.

கோமதிநாயகம் கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவனுடைய முனைவர் பட்ட ஆய்வே சுவரொட்டிகளின் இரங்கல் மொழி பற்றியது. அந்த வாசலும் சாவியும் அவன் ஆய்வேட்டின் நான்காம் இயலில் மேற்கோளாக நின்றன. அடிக்குறிப்பில் 'ஆசிரியர் அறியப்படாதவர்' என்று எழுதியிருந்தான். அப்படி நாற்பத்தொரு அடிக்குறிப்புகள். ஒவ்வொன்றையும் எப்சிபா ஒரு சொல்லும் சொல்லாமல் அடித்துக் கொடுத்திருந்தார்.

பதினைந்து நிமிடம் இடைவேளை விட்டார்கள். தாழ்வாரத்தில் தண்ணீர்க் கேனுக்கு அருகே எப்சிபா நின்றார். கோமதிநாயகம் அங்கே போனபோது யாரும் இல்லை.

"அக்கா."

"அப்படிக் கூப்பிடாதீங்க சார். யாராச்சும் வந்துருவாங்க."

"என் பெயரைச் சொல்லியிருக்கலாமே. நான் எழுதினதை நீங்க அடிச்சீங்கன்னு நான் சொன்னா..."

"சொன்னா உங்க பட்டம் போயிரும். பத்திரத்துல கையெழுத்து போட்டுருக்கீங்க. பட்டம் போனா வேலையும் போயிரும்." டம்ளரை ஒரே மூச்சில் குடித்தார். "ஒருத்தர் மேட்டரை இன்னொருத்தர்கிட்ட பேசுற பழக்கம் எனக்குக் கிடையாது. அப்படிப் பேசியிருந்தா இத்தனை வருசம் கடை வாசல்ல ஆள் நிக்குமா?"

"ஜெயில் மூணு வருஷம், அக்கா. அடுத்தவங்களுக்கு ஆய்வேடு எழுதி வித்ததுக்கு."

"தெரியும். நேத்து மக படிச்சுக் காட்டினா." அவர் டம்ளரைக் கவிழ்த்துவைத்தார். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் சார் புரியல. நான் ஒழுங்கா வேலை பாத்தேன். அதுக்கா?"

அவர் உள்ளே போய்விட்டார்.

அறைக்குத் திரும்பியதும் காஜாதான் முதலில் பேசினான். "மேடம், இதுக்கு ரெண்டே அர்த்தம்தான் இருக்கு. ஒண்ணு, இவங்க பத்தொன்பதையும் சொந்தமா எழுதியிருக்கணும். இல்லேன்னா, பாத்து அடிச்சாலும் இவங்களுக்கு நாடி தாழணும். ரெண்டாவதுன்னா இவங்க மேல குத்தமில்ல. ஒரு சோதனை வச்சுப் பாத்துருவோமே."

"இரண்டாவது என்றால் குற்றம் கருவி மேல்தான்," என்றார் சௌந்தரநாயகி. "ஏழாண்டுகளாக நாம் கொடுத்த சான்றுகள் எல்லாம் கேள்விக்குள்ளாகும். அது தெரிந்துதான் பேசுகிறீர்களா?"

"தெரிஞ்சுதான் மேடம்."

அவர் விதிநூலைப் புரட்டினார். பிறகு சொன்னார்: "விதியில் ஒரு சோதனைக்கு இடம் இருக்கிறது. ஒன்றுக்குத்தான். செயலர், அலுவலகத்திலிருந்து இவர் இதுவரை பார்த்திராத ஆவணம் ஒன்றைக் கொண்டுவாருங்கள். சுவை இல்லாததாக இருக்கட்டும். அறிக்கை ஐந்து மணிக்குள் காவல்துறைக்குப் போக வேண்டும்."

மணி மூன்றேகால். கோமதிநாயகம் பதிவாளர் அலுவலகத்தின் அலமாரிகளுக்கு இடையே நின்றான். வாகனப் பதிவேடு, கட்டடப் பராமரிப்பு அறிக்கை, தேர்வுக்கூட மேசை நாற்காலிக் கணக்கு. எதை எடுத்தாலும் எப்சிபாவின் கோடு கயிறாகக் கிடக்கும். அச்சத்தில் உள்ளவரின் மனம் நாற்காலிக் கணக்கில் எப்படி ஒட்டும்? கடைசித் தட்டில் ஒரு மெல்லிய கோப்பு இருந்தது: பணியில் இருக்கும்போது இறந்த ஊழியர்களின் வாரிசுகள் வேலை கேட்டு அனுப்பிய விண்ணப்பங்களின் பட்டியல். வரிசை எண், பெயர், பணி, இறப்பு நாள், இறப்பின் காரணம், வாரிசு. பார்ப்பவர்க்கு அது வெறும் கட்டங்கள். இருபத்துமூன்று ஆண்டுகள் இறந்தவர்களின் பெயர்களோடு இருந்த ஒருவருக்கு அப்படி இராது. அதை எடுத்தபோது, தன்னைக் காட்டிக்கொடுக்காமலே அவரைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவனுக்கு ஒரு நிம்மதி பிறந்தது. அந்த நிம்மதியை அவன் ஆராயவில்லை.

சௌந்தரநாயகி பட்டியலைப் புரட்டிப் பார்த்து, "சரி," என்றார்.

எப்சிபா விசைப்பலகையின் மேல் கைவைத்தார். சுவர்த் திரையில் பச்சைக் கோடு எழுந்தது. முதல் பக்கம் முழுவதும் அது உயரத்தில் நடுங்கிக்கொண்டே ஓடியது. ஓரிடத்திலும் தாழவில்லை. ஓரத்தில் எண் மாறியது: முப்பத்தொன்று. இருபத்தெட்டு.

"பயப்படுறாங்க," என்று காஜா முணுமுணுத்தான். "பயம் இருந்தா நாடி மேலேயே நிக்கும். தாழ விடாது."

"பேசாதீர்கள்."

இருபத்தாறு. எப்சிபாவின் நெற்றியிலிருந்து ஒரு துளி விசைமேல் விழுந்தது. புடவைத் தலைப்பால் அதைத் துடைத்தார். தாளைப் புரட்டினார். இரண்டாம் பக்கத்தின் ஏழாவது வரிசையில் அவர் கை நின்றது. பேச்சிமுத்து, தோட்டப் பணியாளர், மின்கசிவு. வாரிசு: மகள், வயது நான்கு. அடுத்த கட்டத்தில் விண்ணப்பித்த நாள் இருந்தது. இறப்பு நாளிலிருந்து பதினான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. எப்சிபாவின் உதடுகள் அசைந்தன. நான்கும் பதினான்கும் பதினெட்டு என்று அவர் கூட்டுகிறார் என்பது கோமதிநாயகத்துக்குப் புரிந்தது. அந்தக் குழந்தை வேலை கேட்கும் வயதுக்குக் காத்திருந்திருக்கிறது.

கோடு தாழ்ந்தது. மூன்று துடிப்பு. பிறகு ஏறியது.

அதன்பின் எப்சிபா அந்த அறையில் இல்லை. கை ஓடியது. ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் கோடு இறங்கிக் கேட்டது, கேட்டபின் எழுந்தது. நாற்பத்துநான்கு. ஐம்பத்தெட்டு. அறுபத்துமூன்று. கடைசி வரி முடிந்தபோது திரை எழுபத்துநான்கில் நின்றது. கீழே பச்சை எழுத்தில் ஒரு சொல்: இயற்றல்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றான் காஜா, சத்தமாகவே.

எப்சிபா கண்ணை மூடிக்கொண்டார். கோமதிநாயகம் மூன்று நாள்களில் முதன்முறையாக முழு மூச்சு விட்டான்.

சௌந்தரநாயகி எழுந்து வந்தார். மூலத் தாளையும் திரையையும் வரிக்கு வரி ஒப்பிட்டார். நெடுநேரம் ஆயிற்று. நாலாவது வரிசையில் அவர் விரல் நின்றது. பிறகு பத்தாவதில். பிறகு பதினொன்றில்.

"தாளில் 'இறப்பு' என்று இருக்கிறது. நீங்கள் 'மறைவு' என்று அடித்திருக்கிறீர்கள்."

எப்சிபா திரையைப் பார்த்தார். "எங்க மேடம்?"

"பதினோரு இடத்தில். 'மனைவி' என்று இருப்பதை இரண்டு இடத்தில் 'துணைவியார்' ஆக்கியிருக்கிறீர்கள்."

"அது கைப்பழக்கம் மேடம். யாரும் அப்படி மொட்டையாப் போட மாட்டோம். செத்தவங்க பேருக்குப் பக்கத்துல... கை தானா அடிச்சிருக்கும்."

"நகலெடுக்கச் சொன்னோம். நீங்கள் நகலெடுக்கவில்லை. தாளில் இல்லாத சொற்களை இட்டிருக்கிறீர்கள். அவை உங்கள் சொற்கள். கருவி 'இயற்றல்' என்று சொல்வது சரிதான்."

"மேடம், அறுநூறு சொல்லுல பதிமூணு," என்றான் காஜா.

"அந்த எழுபத்துநான்கில் பதிமூன்று சொற்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியுமா?"

காஜா தலையசைத்து மறுத்தான். கருவி மொத்தத்துக்கு மட்டுமே மதிப்பெண் தரும்.

"மறுபடியும் அடிக்கட்டும் மேடம்."

"விதி ஒரு சோதனையைத்தான் அனுமதிக்கிறது. பிடித்த முடிவு வரும்வரை சோதித்துக்கொண்டே இருந்தால் அது சோதனை இல்லை." அவர் குரலில் வன்மம் இல்லை, களைப்புதான் இருந்தது. "ஆய்வாளர்களின் எழுத்திலும் இவர் இப்படித்தான் கைவைத்திருப்பார். எங்கே அவர்கள் முடிகிறார்கள், எங்கே இவர் தொடங்குகிறார் என்று யாரால் சொல்ல முடியும்?"

வாகனப் பதிவேட்டை எடுத்து வந்திருந்தால் கை திருத்தியிருக்காது. கோமதிநாயகத்துக்கு அது இப்போதுதான் உறைத்தது. இறந்தவர்களின் பட்டியலைத் தேர்ந்தெடுத்தது அவன். தன் பெயரை ஒளித்துக்கொண்டே உதவ நினைத்ததால்தான் அதைத் தேர்ந்தெடுத்தான்.

மணி நான்கு இருபது.

"செயலர், அறிக்கையை அடியுங்கள். நாடிச் சான்றோடு போக வேண்டும்." சௌந்தரநாயகி இருக்கைக்குத் திரும்பினார். "'விசாரணையில் திருமதி எப்சிபா என்பவர் பத்தொன்பது ஆய்வேடுகளையும் இயற்றியவர் எனக் குழு ஒருமனதாக...'"

கோமதிநாயகம் விசைகளின் மேல் விரல் வைத்தான். பச்சை ஒளி நகக்கண்களில் ஏறியது. ஆறு ஆண்டுகளில் இந்தப் பலகையை அவன் தொட்டதில்லை. கடிதமென்றால் அலுவலக உதவியாளர் அடிப்பார், கட்டுரையென்றால் தாளில் எழுதி அனுப்புவான். தொட்டால் தன் உண்மையான நாடி எங்காவது பதிவாகிவிடும் என்ற அச்சம் அவனை விட்டதேயில்லை.

அவன் அடித்தான். சொல்லப்பட்டதை அல்ல.

'என் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் திருமதி எப்சிபா தட்டச்சு செய்தார். அதை எழுதியவன் நான். ஒரு வரியும் அவர் எழுதியதல்ல. நான் மேற்கோள் காட்டிய இரங்கல் வரிகள் மட்டும் அவருடையவை. அவற்றுக்கு ஆசிரியர் அறியப்படாதவர் என்று எழுதியது என் அறியாமை. நானே தட்டச்சு செய்ததாகச் சத்தியம் செய்தது என் பொய். என் ஆய்வேட்டுக்கு எண்பத்திரண்டு மதிப்பெண் தந்தது அவருடைய நாடி. ஆகவே, அவர் பார்த்து அடித்தாலும் நாடி தாழும் என்பதற்கு நான் சாட்சி.'

சுவர்த் திரையில் எழுத்துகள் ஏறிக்கொண்டிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். சௌந்தரநாயகி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

பிறகு அவர்கள் கோட்டைப் பார்த்தார்கள். அது தரையில் போட்ட கயிறாகக் கிடந்தது. ஓரத்தில் பன்னிரண்டு என்ற எண். கீழே சிவப்பில்: நகல்.

"இது உங்கள் வாக்குமூலம் இல்லை," என்றார் சௌந்தரநாயகி மெதுவாக. "யார் சொல்லிக் கொடுத்தார்கள்?"

"யாரும் இல்லை மேடம்."

"எத்தனை தடவை மனசுக்குள்ள சொல்லிப் பாத்தீங்க சார்?" என்று கேட்டான் காஜா.

கோமதிநாயகம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆறு வருஷம். தினமும். குளிக்கும்போது, வகுப்புக்குப் போகும்போது. ஒவ்வொரு வாக்கியமும் எனக்கு மனப்பாடம்."

"அப்ப சரிதான். யோசிக்க ஒண்ணும் மிச்சமில்ல. பாத்து அடிச்ச மாதிரிதான்."

"கையெழுத்துப் பிரதி வீட்டில் இருக்கிறது மேடம். பதினோரு நோட்டுகள். கொண்டுவருகிறேன்."

"கையெழுத்துக்கு நாடி கிடையாது. அது சான்றாகாது. விதி அப்படித்தான்." அவர் ஒரு கணம் நிறுத்தினார். தான் எழுதிய வாக்கியம் தன் வாயிலிருந்து வருவதை அவரே கேட்டதுபோல் இருந்தது. "அறுபதுக்குக் குறைந்த வாக்குமூலத்தைப் பதிவில் சேர்க்க எனக்கு அதிகாரம் இல்லை, கோமதிநாயகம். அறுபதைத் தொட்டால் சேர்க்காமல் இருக்கவும் அதிகாரம் இல்லை."

மணி நான்கு முப்பத்தைந்து. அவன் எழுந்தான். மடிக்கணினியை ஏந்திச் சென்று எப்சிபாவின் முன் வைத்தான்.

"எப்சி அக்கா, இந்த மேட்டரை அடிச்சுத் தரணும்."

எப்சிபா நிமிர்ந்து பார்த்தார். "என்ன பேசுதீங்க?"

"இன்னொரு சோதனைக்கு இடமில்லை," என்றார் சௌந்தரநாயகி.

"சோதனை இல்லை மேடம். என் வாக்குமூலத்தைத் தட்டச்சுக்குக் கொடுக்கிறேன். இந்த ஊரில் எல்லோரும் செய்வது அதுதான்."

காஜா விதிநூலைக் கையில் எடுத்திருந்தான். "வாக்குமூலத்தை யாரு அடிக்கணும்னு இதுல எழுதல மேடம். ஆய்வேட்டுக்கு மட்டும்தான் எழுதியிருக்கீங்க."

சௌந்தரநாயகி அவனைப் பார்க்கவில்லை. சுவரில் ஏறி நின்ற, எல்லோரும் கண்ணால் கண்ட, நகல் என்று தீர்ப்பான அந்த வரிகளைப் பார்த்தார். மறுக்க ஒரு சொல் போதும். அவர் முகத்தில் அந்தச் சொல் வருவதையும் போவதையும் கோமதிநாயகம் கண்டான்.

"ஓர் எழுத்து மாறக் கூடாது," என்றார் அவர் கடைசியில். "அடிக்கட்டும். நானும் தெரிந்துகொள்ள வேண்டும்."

காஜா திரையை இரண்டாகப் பிரித்தான். இடப்பக்கம் கோமதிநாயகத்தின் வரிகள். வலப்பக்கம் வெறுமை. எப்சிபா முதல் வரியை வாசித்தார். விரல் எழவில்லை.

"அடிங்க அக்கா."

"இதைப் போய் நான் அடிக்கணுமா?"

"நீங்கதான் அடிக்கணும்."

எப்சிபா அடித்தார். கோடு உயரத்தில் ஒரு முறை நடுங்கிற்று. அடுத்த வாக்கியத்துக்கு முன் தாழ்ந்தது. இரங்கல் வரிகளைப் பற்றிய இடத்தில் அவர் ஒரு கணம் நின்று அவனைப் பார்த்தார், பிறகு தொடர்ந்தார். 'என் பொய்' என்ற இடத்துக்கு வருமுன் கோடு வெகு ஆழத்துக்கு இறங்கியது. சௌந்தரநாயகி சுவரருகே நின்று ஒவ்வொரு சொல்லாக ஒப்பிட்டார். அவர் விரல் எங்கும் நிற்கவில்லை. ஐம்பத்தொன்று. அறுபத்தெட்டு. எழுபத்தொன்பது.

ஒரே வாசகம் சுவரில் இரு முறை நின்றது. அதை வாழ்ந்தவனுடையது நகல். அதை வாசித்தவருடையது இயற்றல்.

சௌந்தரநாயகி தன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஏழாண்டுச் சான்றுகளும் அவருக்குள் ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டிருக்க வேண்டும். ஆனாலும் அவர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, வாக்குமூலம் ஒன்று சேர்க்கப்பட்டது என்று தன் கையால் எழுதத் தொடங்கினார். பிறகு தலை நிமிராமலே, "கையொப்ப வரி இல்லாமல் முடியாது. பெயரை இடுங்கள்," என்றார்.

எப்சிபா இடப்பக்கம் பார்த்தார். கோமதிநாயகம் அங்கே பெயர் எழுதியிருக்கவில்லை. கடைக்கு வரும் எல்லாரிடமும் கேட்கும் குரலில், தாளிலிருந்து கண்ணை எடுக்காதவர்போல, அவர் கேட்டார்:

"கீழ பேர் போடணும் தம்பி. முன்னால 'முனைவர்'னு போடவா, வேண்டாமா?"

"வேண்டாம் அக்கா. ஆ. கோமதிநாயகம். அவ்வளவுதான்."

எப்சிபா உடனே தட்டவில்லை. சுவரில் பச்சைக் கோடு தாழ்ந்து, மூன்று துடிப்பு அளவுக்கு அங்கேயே நின்றது.